குத்தகைக்காரர் பங்களாவுக்குப் பூ உத்தரவு

ஆகஸ்ட் 8, வியாழன்

பங்களாவைப் பார்க்க இன்று ஐந்தாவது ஆள் வந்தார். ஈரோட்டில் பல் டாக்டராம். மனைவியும் கூட வந்திருந்தாள். தரகர் மாரப்பன், ஏதோ அவருடைய அப்பா கட்டிய வீடு மாதிரி, முன்னால் நடந்து கதவு கதவாகத் திறந்து காட்டினார். நான் பின்னாலேயே போனேன். போன வாரம் ஒரு கூட்டம் வந்துபோன பிறகு குளியலறைப் பல்பைக் காணவில்லை. யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் இன்று அவர்கள் நுழைவதற்கு முன்பே பல்புகளை எண்ணி வைத்துக்கொண்டேன். பதினொன்று.

டாக்டர் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார், பல்லைத் தட்டிப் பழகிய கை. மனைவி கிணற்றுக்குள் வெகுநேரம் எட்டிப் பார்த்தாள். அப்படி உள்ளே என்ன தேடுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. கடைசியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த வீட்டில் யாராவது அப்படி இப்படி ஏதாவது ஆகிச் செத்திருக்கிறார்களா என்று கேட்டாள். எங்கள் அப்பாவும் அம்மாவும் செத்தார்கள், இரண்டு பேரும் கட்டிலில்தான் செத்தார்கள் என்றேன். அவளுக்குத் திருப்தி.

இந்த ஊர்ச் செவ்வாய்ச் சந்தையை அப்பா இருபது வருஷம் குத்தகைக்கு எடுத்திருந்தார். அந்தக் காலத்தில் கட்டிய வீடு. இன்றைக்கும் பேருந்து நிலையத்தில் இறங்கி, குத்தகைக்காரர் பங்களா எங்கே என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். எட்டு அறை. எட்டுக்கும் சேர்த்து ஆள் நான் ஒருத்தி. ஓடு ஒழுகுகிறது. போன மாதம் சமையலறையில் ஒரு சாரைப்பாம்பு வந்து, நான் அரிசி களைந்து முடிக்கும்வரை அம்மிக்குப் பக்கத்தில் படுத்திருந்தது.

டாக்டருக்கு வீடு பிடித்துவிட்டது. பல்புகள் பதினொன்றும் இருக்கின்றன.

ஆகஸ்ட் 10, சனி

அர்த்தநாரி அண்ணன் போன் செய்தார். ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருப்பவர், போனிலும் மண்டியில் கத்துவது போலத்தான் பேசுவார். அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டால் ஆவணியிலேயே கிரயம் செய்துவிடலாம் என்றார்.

எங்கள் குடும்பத்தில் சொத்து வாங்குவதோ விற்பதோ செல்லாண்டியம்மனைக் கேட்காமல் நடந்ததில்லை. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி மடித்துக் கட்டி அம்மன் காலடியில் போடுவார்கள். அந்த நேரத்தில் கோயிலுக்கு வருகிற முன்பின் தெரியாத ஒருவரைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சரி. சிவப்பு வந்தால் கூடாது. பொட்டலத்தை மடிக்க வேண்டியது அந்த வீட்டில் பிறந்த பெண். இந்த வீட்டில் பிறந்த பெண் நான் ஒருத்திதான்.

பங்கில் எந்தச் சிக்கலும் இல்லை, மூன்று பேருக்கும் சமம். நான் எங்கே போய் இருப்பது என்பதிலும் சிக்கல் இல்லை. தம்பி நல்லசிவம் போன பொங்கலுக்கே, பந்தியில் உட்கார்ந்து எல்லோரும் கேட்கும்படி சொல்லிவிட்டான்: அக்கா கோயமுத்தூரில் என்கூடத்தான் இருக்கும்.

இவ்வளவு பெரிய வீட்டில் ஒற்றை ஆள் இருப்பது பாதுகாப்பில்லை என்பதால்தான் நான் சம்மதித்தேன். மற்றபடி எனக்கு எங்கே இருந்தாலும் ஒன்றுதான்.

என் பீரோவின் அகலம் மூன்றடி இரண்டங்குலம். அவன் வீட்டுப் பின்னறைக் கதவு எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

சந்தை. கத்தரிக்காய், சுண்டைக்காய், ஒரு சீப்பு மொந்தன். எடை போட்டவன் தட்டின் ஓரத்தில் சுண்டுவிரலை வைத்தான். எடுக்கச் சொன்னேன், எடுத்தான். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் முப்பத்து நாலு வருஷம் தராசுக்குப் பக்கத்தில் நின்றவளிடமா இந்த வேலை?

மதியம் கோகிலவாணிக்குப் போன் செய்தேன். நல்லசிவத்தின் மனைவி, புருஷனுக்கு அக்கா என்பதால் என்னை நங்கை என்று கூப்பிடுவாள். கதவின் அகலத்தைக் கேட்டேன். மெதுவாகச் சொன்னாள்.

“அந்த ரூம்பை ஆபீசு பண்ணிக்கிறேன்னு இவரு சொல்லிட்டிருக்காருங் நங்கை. உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலீங்களா?”

கெட்டிக்காரி. தன் மனசில் இருப்பதைப் புருஷன் வாயில் வைத்துப் பேசுகிறாள். நான் வரக்கூடாது என்று நேராகச் சொல்லிவிட்டால் கூட மரியாதையாக இருந்திருக்கும். அப்படியா அம்மிணி, பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். நல்லசிவத்திடம் கேட்கவில்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை மூட்டினாள் என்ற பெயர் எனக்கு எதற்கு? நான் அங்கே போய்விட்டால் அவனே ஆபீசை மாடிக்கு மாற்றிக்கொள்வான்.

ஆகஸ்ட் 17, சனி

ஆவணி பிறந்துவிட்டது. மாரப்பன் வந்து மோர் குடித்துவிட்டுப் போனார். போகிறபோது, கோபியில் ஒரு அரிசி ஆலைக்காரர் டாக்டரைவிடக் கூடுதலாகத் தரத் தயாராக இருக்கிறார் என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுப் போனார். அண்ணனுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். சிரித்தார். தரகன் சிரித்தால் பாதி தெரியும் என்று பொருள்.

சாயங்காலம் அண்ணி சுந்தராம்பாள் பேசினாள். பேச்சுக்கு நடுவில் மூன்று தடவை கேட்டுவிட்டாள், ஒருவேளை சிவப்பு வந்துவிட்டால் என்ன செய்வது என்று. நானே அதை நினைக்கவில்லை, இவள் ஏன் நினைக்கிறாள்? டாக்டரைக் கழற்றிவிட வேண்டும் என்றால் அதற்கு அம்மன் பேரைச் சொல்வதுதான் சுலபமான வழி. சிவப்பு வந்துவிட்டது என்று கையை விரித்துவிட்டு, ஐப்பசியில் ஆலைக்காரரோடு வந்து மறுபடி கேட்கலாம். எனக்குத்தான் இன்னும் இரண்டு மாதம் இந்த ஒழுகலில்.

அண்ணனைச் சந்தேகப்படுகிறேன் என்று சொல்லவில்லை. தெரிந்துகொண்டு நடப்பது நல்லது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மழை. சமையலறையில் மூன்று இடம், கூடத்தில் இரண்டு. வைக்கப் பாத்திரம் போதவில்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

நாளைக்குப் பூ உத்தரவு. கோயில் கரட்டுப்புதூரில், ஆற்றோரம். விடிந்ததும் கிளம்ப வேண்டும் என்பதால் அண்ணன், அண்ணி, நல்லசிவம் மூன்று பேரும் மத்தியானமே வந்துவிட்டார்கள். கோகிலவாணி வரவில்லை, மகளுக்குப் பரீட்சையாம். ஆகஸ்டில் என்ன பரீட்சையோ.

நல்லசிவம் இளைத்திருக்கிறான். நாற்பத்தாறு வயசுக்கு இவ்வளவு நரை அதிகம். கொள்ளு ரசமும் வாழைக்காய்ப் பொரியலும் வைத்தேன். மூன்று தடவை சோறு வாங்கினான். அம்மா போனபோது அவனுக்கு மூன்று வயசு, எனக்குப் பதினெட்டு. அன்றிலிருந்து அவன் சாப்பிடுவதைப் பார்த்தாலே எனக்குப் பாதி வயிறு நிரம்பிவிடும். சாப்பிட்டுவிட்டுத் தூங்கினான். சாயங்காலம் எழுந்து, காலாறக் கடைவீதிவரை போய் வருகிறேன் என்று போனான்.

பொட்டலத்தைப் பூஜை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு மடித்தேன். முறை அதுதான். மஞ்சள் தடவிய காகிதம், வெள்ளை நூல், இரட்டை முடிச்சு. பின்பக்கம் நந்தியாவட்டை நிறையப் பூத்திருக்கிறது. அதிலிருந்து ஒரு பூவை ஒரு பொட்டலத்தில் வைத்தேன்.

இன்னொரு பூவை இன்னொரு பொட்டலத்தில் வைத்தேன்.

காலையில் வாங்கிவந்த செவ்வரளி குப்பைக்குழியில் கிடக்கிறது. இதை ஏமாற்று என்று நான் நினைக்கவில்லை. எதிராளி தட்டில் விரல் வைக்கப் போகிறான் என்று தெரிந்த பிறகு நாம் சும்மா நிற்பதுதான் தப்பு. அம்மனுக்கு என் நிலைமை தெரியும். பொட்டலத்தைத் தட்டில் வைத்து, தட்டை விளக்கின் முன்னால் வைத்தாயிற்று. மனசு நிம்மதியாக இருக்கிறது.

ஆகஸ்ட் 23, வெள்ளி

சிவப்பு.

நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்கிறேன். பூசாரி பொட்டலங்களைக் குலுக்கிக் காலடியில் போட்டார். பால்குடத்தோடு வந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டோம், ஜாடையில் வெளியூர். வலப்பக்கம் இருந்ததை எடுத்தாள். பூசாரி பிரித்தார். உள்ளங்கையில் செவ்வரளி.

வைக்காத பூ எப்படி வரும்? நான் செய்த வேலையை அம்மன் பார்த்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். கன்னத்தில் போட்டுக்கொண்டேன், நின்றிருந்தவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள். அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நல்ல நடிப்பு. நல்லசிவம்தான் பக்கத்தில் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

“விடுக்கா. அந்த ஊட்டை உட்டு அம்மன் உன்னய அனுப்பமாட்டீங்கறா. நாம என்ன பண்றது.”

அவன் கை சூடாக இருந்தது. அந்த நேரத்தில் அந்தக் கைதான் எனக்கு ஆறுதல்.

பாதி வழியில்தான் என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, ஆற்றில் விட வேண்டும். நான் விட்டுவிட்டு வருகிறேன் என்று வாங்கியிருந்தேன். ஆற்றில் விடவில்லை, பைக்குள் போட்டிருந்தேன். வீட்டுக்கு வந்து, எல்லோரும் கிளம்பிய பிறகு பிரித்தேன். அதிலும் செவ்வரளி.

அம்மன் நினைத்தால் பூவின் நிறத்தை மாற்றலாம். என் இரட்டை முடிச்சை அவிழ்த்துவிட்டு, இழுத்தால் அவிழ்கிற சுருக்கு முடிச்சு போடமாட்டாள். இது மனுஷ வேலை.

வெளியே சொல்லவும் வழியில்லை. மடித்தவள் நான். இரண்டிலும் சிவப்பு என்றால் முதல் விரல் என் பக்கம்தான் நீளும். அப்படி இல்லை, நான் இரண்டிலும் வெள்ளைதான் வைத்தேன் என்று சொல்லவா முடியும்?

ஆகஸ்ட் 24, சனி

தூக்கம் சரியில்லை. ஒவ்வொருத்தராக நிறுத்திப் பார்க்கிறேன். பூசாரி இல்லை, அவர் கைக்குப் போனதிலிருந்து நான் கண்ணை எடுக்கவில்லை. மாரப்பன் வீட்டுக்குள் வரவில்லை. அண்ணிக்குக் குனிந்து தட்டை எடுக்க முடியாது, முட்டி வலி. முட்டி வலி என்று சொல்கிறாள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கோகிலவாணி கோயமுத்தூரில் இருந்துகொண்டே கை நீட்டக்கூடிய பெண்தான், ஆனாலும் அவ்வளவு தூரம் நீளாது. மிச்சம் அண்ணன். மண்டியில் நாற்பது வருஷம் மூட்டை கட்டியவர். எந்த முடிச்சும் அவருக்கு ஒரு பொருட்டில்லை.

மத்தியானம் பின்பக்கம் துணி துவைக்கப் போனேன். தண்ணீர் வெளியே போகிற சலதாரை மூலையில், துவைக்கிற கல்லுக்கு அடியில், என் மஞ்சள் காகிதங்கள் இரண்டும் நாலாக மடித்துச் செருகியிருந்தன. பக்கத்தில் இரண்டு நந்தியாவட்டை, வதங்கி. மாற்றியவர் வேறு காகிதத்தில் மஞ்சள் தடவி மடித்திருக்கிறார், ஆனால் என் பொட்டலத்தை அப்படியே தூக்கி எறியவில்லை. பிரித்துப் பார்த்திருக்கிறார். இரண்டிலும் வெள்ளை இருந்தது அவருக்குத் தெரியும்.

அப்படியானால் அண்ணன் என் மேல் ஏன் பாயவில்லை? பாய்ந்திருப்பார். ஊரைக் கூட்டியிருப்பார்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

அண்ணன் இரண்டு தடவை போன் செய்தார். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

சந்தைக்குப் போனேன். காய் எதுவும் வாங்கவில்லை. செவ்வரளி எங்கள் வீட்டில் கிடையாது, தெருவிலும் கிடையாது. வியாழக்கிழமை யாராவது வாங்கியிருந்தால் பேருந்து நிலையத்துக்கு எதிரில் பூ விற்கிற ராமாயியிடம்தான் வாங்கியிருக்க வேண்டும். அவளுக்கு எங்கள் வீட்டைத் தெரியும். எங்கள் வீட்டு ஆண்களைத் தெரியாது, அவர்கள் எல்லாம் வெளியூர்.

சுற்றி வளைத்துத்தான் கேட்டேன். அவள் சுற்றி வளைக்கவில்லை.

“உங்க ஊட்டுக்கு வந்தவருதானுங்க்கா. பங்களாவுல இருந்து வர்றேன்னாரு. சாயங்காலமா வந்து செவ்வரளி கேட்டாரு. காசை நொட்டாங்கையில நீட்டுனாருங். சாமிக்குப் பூ வாங்கறீங்க, சோத்தாங்கையில குடுங்க சாமீன்னேன். சிரிச்சுட்டு மாத்திக் குடுத்தாரு.”

நல்லது ராமாயி என்றேன். இரண்டு முழம் மல்லிகை கொடுத்தாள், வேண்டாம் என்று சொல்லத் தோன்றாமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வந்து சோறு வடித்தேன். பருப்பு இருந்தது. சாப்பிட்டேன்.

நல்லசிவத்தைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு முன்னால், இடது கையைத் துண்டால் கட்டிப் போடு, அப்போதுதான் வலது கை பழகும் என்று அப்பா என்னிடம் சொன்னார். நான் ஒரு நாள் கட்டினேன். அவன் அழவில்லை, கட்டிய கையைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்கே காட்டினான். அவிழ்த்துவிட்டேன். தினமும் கட்டுகிறேன் என்று அப்பாவிடம் பொய் சொன்னேன்.

ஆகஸ்ட் 28, புதன்

செவ்வரளி சாமி படத்துக்கும் வைப்பதுதானே. கடைவீதிக்குப் போனவன் கண்ணில் பட்டதென்று வாங்கியிருக்கலாம்.

சாமி படத்துக்கு அன்று யாரும் செவ்வரளி வைக்கவில்லை.

கோகிலவாணி சொல்லிக் கொடுத்திருப்பாள். அவன் பாவம், வீட்டில் நிம்மதி வேண்டுமென்று செய்திருப்பான். இப்படி நினைத்துக்கொண்டே பாத்திரம் கழுவினேன். கடைசித் தட்டைக் கழுவும்போது கோகிலவாணி பதின்மூன்றாம் தேதி போனில் சொன்னது ஞாபகம் வந்தது. அவள் என்னிடம் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறாள். அறையை ஆபீஸ் ஆக்கப் போகிறவன் அவன். என்னிடம் சொல்ல வாய் வராதவனும் அவன்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அக்கா, இப்போதைக்கு முடியாது என்று சொல்லியிருந்தால் நான் என்ன சண்டைக்கா போயிருப்பேன்? பிரித்துப் பார்த்தபோது இரண்டிலும் வெள்ளை இருந்திருக்கிறது. அக்கா எவ்வளவு ஆசைப்படுகிறாள் என்று அவனுக்கு அப்போது தெரிந்திருக்கும். தெரிந்த பிறகும் சிவப்பை வைத்துக் கட்டியிருக்கிறான். கட்டிவிட்டு, மறுநாள் காலையில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வலிக்கிறது. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

செப்டம்பர் 1, ஞாயிறு

அண்ணனே நேரில் வந்துவிட்டார். ஏன் போனை எடுக்கவில்லை என்று கூடத்தில் நின்று கத்தினார். சத்தம் அடங்கியதும் காப்பி கொடுத்தேன். கோபி ஆலைக்காரர் என்று ஒருவர் உண்டா என்று கேட்டேன். அப்படி யாரும் இல்லை, டாக்டரை அவசரப்படுத்துவதற்காக மாரப்பன் கட்டிவிட்ட கதை என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்த்தே சொன்னார். அண்ணி ஏன் சிவப்பு சிவப்பு என்று கேட்டாள் என்று கேட்கவில்லை. அவளுக்குப் பயம், அவ்வளவுதான் போல. அவர் பேரனுக்கு மேல்படிப்புக்கு இந்தக் கிரயத்தை நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்று வெள்ளி கழித்து இன்னொரு தடவை கேட்கலாம், முறை இருக்கிறது. செப்டம்பர் பதின்மூன்று. வெள்ளை வந்தால் புரட்டாசி பிறப்பதற்குள் பதிவு செய்துவிடலாம். டாக்டர் அதுவரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறாராம்.

போகும்போது அண்ணன் கேட்டார், “கோயமுத்தூருக்கு எப்ப அம்மிணி சாமானெல்லாம் ஏத்தறது? வண்டி நம்ம மண்டி வண்டியே இருக்குது.” சொல்கிறேன் அண்ணா என்றேன்.

இத்தனை நாள் இவரைத் திருடன் என்று எழுதி வைத்திருக்கிறேன். அடிக்கலாம் என்று பேனாவை எடுத்தேன். அடிக்கவில்லை, எழுதியது எழுதியதாகவே இருக்கட்டும்.

செப்டம்பர் 4, புதன்

காலையில் குளித்து, விளக்கேற்றி, அப்புறம் நல்லசிவத்துக்குப் போன் செய்தேன். வாடகைக்கு ஒரு வீடு பார்த்து முன்பணம் கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன். போஸ்டாபீசுக்குப் பின்னால், ஒரு ஆளுக்குத் தோதான வீடு, பங்களா போனாலும் நான் இந்த ஊரில்தான் இருக்கப்போகிறேன் என்றேன். கோயமுத்தூர்க் குளிர் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்றும் சொன்னேன்.

அந்தப் பக்கம் சத்தமில்லை. நான் அந்த நேரத்தை மனசுக்குள் எண்ணினேன். தராசு முள் நிற்பதற்கு விடுகிற நேரம் இருக்குமே, அவ்வளவு.

“கோகிலா ஏதாச்சும் சொன்னாளாக்கா?”

“அவ எதுவும் சொல்லல சாமி. எனக்காத்தான் தோணுச்சு.”

“ஊர்ல நாலு பேரு என்னயத்தான பேசுவாங்க.”

“நாஞ் சொல்லிக்கறேன். நீ கூப்புட்டே, நாந்தான் வல்லைன்னு.”

அதற்குப் பிறகு அவன் குரல் மாறிவிட்டது. மூன்று வருஷமாக இப்படி அவன் என்னிடம் பேசியதில்லை. மகள் மார்க்கைச் சொன்னான், புதிதாக எடுத்திருக்கிற வேலையைச் சொன்னான், பல்வலி என்றான். டாக்டரிடமே காட்டிக்கொள்ளலாம், வீட்டை வாங்குகிறவர்தானே என்றேன். சிரித்தான். சின்னப் பையனாக இருக்கும்போது காய்ச்சல் விட்ட மறுநாள் இப்படித்தான் சிரிப்பான். பூ உத்தரவுக்குத் தானும் வந்துவிடுவதாக அவனே சொன்னான்.

அவன் குரலில் அந்த நிம்மதியைக் கேட்டது என் காதுதான். இன்னும் எனக்கு அதை நம்பப் பிடிக்கவில்லை. குரலை வைத்து ஒரு ஆளை எடை போட முடியாது.

செப்டம்பர் 9, திங்கள்

பழைய பாத்திரங்களைக் கட்டிவைத்தேன். அண்டா இரண்டும் அண்ணிக்கு. ஊறுகாய்ச் சாடி கோகிலவாணிக்கு. அந்தப் பெண்ணுக்கு நல்லதாக ஏதாவது கொடுக்க வேண்டும்.

செப்டம்பர் 12, வியாழன்

மறுபடி மூன்று பேரும் வந்திருக்கிறார்கள். கொள்ளு ரசம் வைக்கவில்லை, சாம்பார்தான்.

பூஜை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு மடித்தேன். இந்தத் தடவை ஒன்றில் நந்தியாவட்டை, ஒன்றில் செவ்வரளி. முறைப்படி. அம்மன் எது சொன்னாலும் சரி என்று அறுபத்தோரு வயசில் முதல் தடவையாக மனசார நினைத்தேன். இரட்டை முடிச்சு, இறுக்கி.

பூஜை அறைக்குப் பூட்டு உண்டு, சாவி என் இடுப்பில் இருக்கிறது. பூட்டவில்லை.

அவன் தொடாமல் இருக்க வேண்டும். நான் கோயமுத்தூர் வரப்போவதில்லை என்று அவனுக்கு இப்போது தெரியும், இனி அவனுக்கு என்ன பயம்? வெள்ளையோ சிவப்போ வருகிறபடி வரட்டும் என்று விட்டுவிட்டால் போதும். போன தடவை ஏதோ புத்தி தடுமாறிச் செய்துவிட்டான் என்று வைத்துக்கொள்வேன். நாளைக்கு என் முடிச்சு அப்படியே இருந்தால் அந்தச் செவ்வரளியை மறந்துவிடுகிறேன் என்று அம்மனிடம் சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

வெள்ளை வந்தது.

எடுத்தவர் ஒரு வயசான மனிதர், கையில் வேப்பிலை வைத்திருந்தார். பூசாரி பிரித்துக் காட்டியதும் அண்ணன் அழுதுவிட்டார். அண்ணி கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். நல்லசிவம் எல்லோருக்கும் தேங்காய் உடைத்துக் கொடுத்தான், பூசாரிக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தான். டாக்டருக்கு அங்கிருந்தே போன் போட்டார்கள். திங்கட்கிழமை பதிவு.

கிளம்பும்போது நல்லசிவம் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டான், “அந்த வாடகை ஊட்டுல தண்ணி வசதியெல்லாம் நல்லாருக்குதாக்கா?”

“நல்லாருக்குது.”

“கக்கூசு உள்ளயே இருக்குதா?”

“உள்ளயேதான் இருக்குது. நீ வெசனப்படாத.”

சரி என்று தலையாட்டினான். அவன் முகத்தில் அக்கறை இருந்தது. பொய்யான அக்கறை இல்லை, அதை நான் சத்தியம் செய்து சொல்வேன். நான் தொலைவில் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று அவன் உண்மையாகவே ஆசைப்படுகிறான்.

எடுக்காத பொட்டலத்தை இன்றும் நானே வாங்கிக்கொண்டேன். ஆற்றங்கரைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். பிரிக்காமல் விட்டுவிட்டால் என்ன என்று ஒரு தடவை தோன்றியது. தண்ணீர் முழங்கால் அளவுதான் ஓடியது, விட்டிருந்தால் போயிருக்கும். ஆனால் நான் பிரித்துப் பார்க்கிற ஜாதி. இழுத்தவுடன் முடிச்சு அவிழ்ந்தது. உள்ளே வெள்ளை.

நந்தியாவட்டைகூட இல்லை. கடையில் வாங்கிய வெள்ளரளி. கோயமுத்தூரிலேயே வாங்கிக்கொண்டு வந்திருப்பான்.

ஆற்றில் விட்டுவிட்டு வந்து காரில் உட்கார்ந்தேன். வழியெல்லாம் அண்ணன் பேசிக்கொண்டே வந்தார், நான் ம் கொட்டினேன்.

வீட்டுக்கு வந்து பீரோவைத் துடைத்தேன். போஸ்டாபீசுக்குப் பின்னால் ஒரு வீடு காலியாக இருக்கிறது என்று யாரோ சொல்லக் கேட்டதுதான், நான் இன்னும் அந்தத் தெருவுக்கே போகவில்லை. முன்பணமும் கொடுக்கவில்லை. நாளைக்குக் காலையில் முதல் வேலையாகப் போய், அந்த வீடு இன்னும் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.